ஆடிக் காற்றும் குளத்தங்கரைக் கடல் ஆலாவும்

உங்கள் கடிதமும் படமும் கிடைத்தன. நெல்லை மாவட்டத்து விஜயநாராயணம் பக்கத்துக் குளம் ஒன்றில், ஜூலை கடைசி வாரம், விடிந்ததிலிருந்து காற்று பேயாய் அடித்த ஒரு நாளில், மேலே கறுப்பும் கீழே வெள்ளையுமான ஒரு பறவையைப் பார்த்திருக்கிறீர்கள். நெற்றி வெள்ளை, வால் பிளவு. குளத்தின் மேல் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்தது. பத்தடி கிட்டே போயும் எழவில்லை. கூட வந்தவர் கடல் ஆலா (ஆங்கிலத்தில் டெர்ன்) என்றார். கடல் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே என்பது உங்கள் சந்தேகம். மாடு மேய்த்த அண்ணாச்சி தண்ணீரில் விடச் சொல்ல, விட்டுப் பார்த்து, அது நனைந்து தத்தளித்ததும் எடுத்துக் கரையில் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். "இது என்ன பறவை?" என்று ஒரே வரியில்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கடல் பறவை அவ்வளவு உள்ளே வருமா? வந்தால் இன்னதுதான் என்று எதை வைத்துச் சொல்வது? உட்கார்ந்த பறவையை என்ன செய்திருக்க வேண்டும்? கடைசிக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிப் பறவைகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் சாகின்றன.

வருமா என்றால், வரும். இதில் சந்தேகமே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நடுக்கடலை விட்டு வராத பறவைகள் அரபிக்கடல் கரையோரம் ஒதுங்குவது தெரிந்த விஷயம். கேரளக் கரையில் சூட்டி டெர்ன், பிரைடில்ட் டெர்ன் ஆகிய கடல் ஆலாக்கள், நோடி, ஃபிரிகேட் பறவை, ஷியர்வாட்டர் என்று இந்த மாதங்களில் களைத்துப்போய் விழுந்தவை பதிவாகிக்கொண்டே இருக்கின்றன. லட்சத்தீவில் கவரத்திக்குப் பக்கத்தில் உள்ள பிட்டி என்ற சின்ன மணல்திட்டில் சூட்டி டெர்ன்களும் பிரவுன் நோடிகளும் கூட்டமாக முட்டையிடுகின்றன. ஆக, நமக்கு நேர் மேற்கே உள்ள கடலில் இந்தப் பறவைகளுக்குப் பஞ்சமில்லை.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம், மிக அருகில் உள்ள கடலிலிருந்துதான் அது வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது. வரைபடத்தில் விஜயநாராயணத்துக்குக் கிட்டத்துக் கடல் உவரி. நேர்கோட்டில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஆனால் ஜூலையில் உவரிக் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று அடிப்பதில்லை. மேல்காற்று, கடற்கரைக்காரர்கள் கச்சான் என்பார்கள், நிலத்தைத் தாண்டி வந்து உவரியில் கடலுக்குள் இறங்குகிறது. அந்தக் காற்றை எதிர்த்து ஒரு களைத்த பறவை குளத்துக்கு வந்தது என்பதை விட, காற்றோடு மேற்கிலிருந்து வந்தது என்பதுதான் பொருந்துகிறது. இப்படிப்பட்ட பறவையைக் கண்டால் அளக்க வேண்டியது தூரத்தை அல்ல, காற்று வந்த வழியை.

அந்த வழி ஆரல்வாய்மொழிக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடத்தில் உள்ள அந்த இடைவெளியில் காற்று நெருக்கிப் பிடித்துப் புகுவதால்தான் முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் வரை காற்றாலைகளாக நட்டிருக்கிறார்கள். மேற்கே அரபிக்கடல் பக்கம் உள்ள முட்டம் கடற்கரையிலிருந்து ஆரல்வாய்மொழி முப்பது கிலோமீட்டருக்குள். அங்கிருந்து விஜயநாராயணம் மறுபடி ஏறத்தாழ அதே தூரம். மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகக் காற்றில், எதிர்த்துப் பறக்கத் தெம்பில்லாத பறவைக்கு இது ஒன்றிரண்டு மணி நேரப் பயணம். வடக்கே இன்னொரு வாசல் செங்கோட்டை – ஆரியங்காவுக் கணவாய். தென்காசி, ஆலங்குளம், கயத்தாறு பக்கம் இதே மாதிரி ஒரு பறவை கிடைத்தால் அந்த வாசலைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இருநூறு கிராம் பறவைக்கு அம்மியின் கனம்கூடக் கிடையாது.

இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். காற்று அந்தக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிறது என்பது உறுதி. பருவக்காற்றில் இந்தப் பறவைகள் மேற்குக் கரையில் ஒதுங்குகின்றன என்பதும் உறுதி. உங்கள் பறவை அந்தக் கணவாய்க்குள் புகுந்துதான் வந்தது என்பது ஊகம். நல்ல ஊகம்தான், ஆனால் காலில் கருவி கட்டிய பறவையாக இருந்தாலொழிய நிரூபிக்க வழியில்லை. குமரி முனையைச் சுற்றி வந்து மன்னார் வளைகுடாப் பக்கம் திரிந்துவிட்டு, இரவில் உள்ளே ஏறியிருக்கவும் கூடும். இன்னொன்று, இந்தக் கணக்கு தென்மேற்குப் பருவத்துக்கு மட்டுமே பொருந்தும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக்குத் தெற்கே கடந்தது போல ஒரு புயல் கடக்கும்போது, அதன் வடக்கு விளிம்பில் இருக்கும் நமக்குக் காற்று கிழக்கிலிருந்து வரும். அப்போது வந்து விழும் பறவைக்கு உவரிப் பக்கமே வாசல்.

இனி அடையாளம். கடல் ஆலா என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், நம் குளங்களில் சாதாரணமாகத் திரியும் ஆலாக்களைக் கழித்துவிட வேண்டும். தாமிரபரணியிலும் அதன் குளங்களிலும் இருக்கும் ஆற்று ஆலாவுக்கு மஞ்சள் அலகு, சிவப்புக் கால், சாம்பல் முதுகு. மீசை ஆலா பனிக்காலத்தில்தான் கூட்டமாக இருக்கும். ஜூலையில் ஒன்றிரண்டு தங்கியிருந்தால் அதன் வயிறு கரும்சாம்பலாகவும் கன்னம் வெள்ளையாகவும் இருக்கும், முதுகு வெளிர்ந்திருக்கும். வெண்சிறகு ஆலா இனப்பெருக்கக் கோலத்தில் இருந்தால் உடம்பெல்லாம் கறுப்பு, சிறகு வெளுப்பு. அதாவது இந்த இரண்டும் நீங்கள் சொன்ன பறவைக்கு அப்படியே தலைகீழ். மேலே கறுப்பு, கீழே வெள்ளை என்ற நிறத்தில் வரக்கூடிய இன்னொன்று ஸ்கிம்மர். அதற்கு அலகு பெரிதாக, ஆரஞ்சு நிறத்தில், கீழலகு மேலலகை விட நீண்டு இருக்கும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உங்கள் பறவைக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே பாதி வேலையை முடித்துவிட்டது.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. காலைச் சூரியனுக்கு எதிரே பார்த்தால் எந்த ஆலாவின் முதுகும் கறுப்பாகத்தான் தெரியும். தண்ணீரின் பளபளப்பு வேறு சேர்ந்துகொண்டால் சாம்பல் நிறம் கரியாகிவிடும். அதனால் முதுகு கறுப்பா என்று தனியாகக் கேட்காதீர்கள். உச்சந்தலையும் முதுகும் ஒரே கறுப்பா, அல்லது உச்சந்தலை கறுத்து முதுகு ஒரு படி வெளிறியிருந்ததா என்று கேளுங்கள். ஒரே வெளிச்சத்தில் ஒரே பறவையின் இரண்டு பாகங்களை ஒப்பிட்டால் வெளிச்சம் ஏமாற்றுவது குறையும்.

சூட்டி டெர்னையும் பிரைடில்ட் டெர்னையும் பிரிப்பதும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. சூட்டிக்குத் தலையும் பிடரியும் முதுகும் ஒரே கரி நிறம், நடுவே இடைவெளி கிடையாது. பிரைடில்டுக்கு முதுகு பழுப்புச் சாம்பல். கறுத்த உச்சிக்கும் முதுகுக்கும் நடுவில், பிடரியில், ஒரு வெளிர் பட்டை ஓடும். அடுத்தது நெற்றி. சூட்டியின் வெள்ளை அகலமாக, முக்கோணம் போல, கண்ணோடு நின்றுவிடும். பிரைடில்டின் வெள்ளை ஒடுக்கமாக, கண்ணைத் தாண்டிப் பின்னால் புருவக் கோடாக நீளும். களைத்து உட்கார்ந்த பறவையிடம் இதைப் பார்ப்பது சுலபம், நேர் பக்கவாட்டில் ஒரு படம் போதும். பறக்கும்போது சிறகின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: சூட்டிக்கு முன்பாதி பளிச்சென்ற வெள்ளை, பின்பாதிப் பறப்பிறகுகள் கறுப்பு, இரண்டுக்கும் நடுவே வெட்டியது போன்ற எல்லை. பிரைடில்டுக்கு அந்த எல்லை மங்கல். வாலின் ஓரத்து வெள்ளை பிரைடில்டுக்கு அதிகம், சூட்டிக்கு மெல்லிய கோடு. ஆனால் நைந்துபோன வாலில் இதை நம்ப முடியாது. காற்றில் அடிபட்டு வந்த பறவையின் வால் பெரும்பாலும் நைந்துதான் இருக்கும். அளவையும் நம்ப வேண்டாம். விரித்த சிறகு சூட்டிக்கு 82 முதல் 94 சென்டிமீட்டர், பிரைடில்டுக்கு எண்பதை ஒட்டி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலொழிய கண்ணுக்குப் பிடிபடாது.

குஞ்சுப் பருவம் தாண்டிய இளம் சூட்டி வேறு கதை. நெஞ்சு வரை கரும்பழுப்பு, முதுகிலும் சிறகிலும் வெள்ளைப் புள்ளிகள் தூவியது போல இருக்கும், அடிவயிறு மட்டும் வெளிறியிருக்கும். இதைப் பலர் நோடி என்று பதிந்துவிடுகிறார்கள். நோடிக்குப் புள்ளி கிடையாது, உச்சந்தலைதான் வெளுப்பு, வால் ஆப்பு வடிவம். உட்கார்ந்த பறவை வயிற்றைத் தரையில் வைத்துக் கால் ஊன்ற முடியாமல் தவழ்ந்து, அலகின் மேல் குழாய் போன்ற மூக்குத் துளையும் இருந்தால், அது ஆலாவே அல்ல, ஷியர்வாட்டர் அல்லது பெட்ரல் குடும்பம்.

உங்கள் படத்தைப் பற்றி. பின்பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள், நெற்றி தெரியவில்லை. பிடரியில் வெளிர் பட்டை இல்லை என்று தோன்றுகிறது. தலைக்கும் முதுகுக்கும் நிற வேறுபாடும் தெரியவில்லை. இரண்டும் சூட்டிப் பக்கம் சாய்கின்றன. ஆனால் படம் மங்கல், முதுகில் நிழல். கரையோரக் கடலில் பிரைடில்ட்தான் அதிகம் கண்ணில் படுவது என்பதால், முதலில் பிரைடில்ட் என்று வைத்துக்கொண்டு அதைக் கழிக்க ஆதாரம் தேடுவதுதான் முறை. இந்தப் படம் அதைக் கழிக்கப் போதாது. தயங்காமல் இ-பேர்டில் (பறவைகளைப் பார்த்ததைப் பதியும் இணையதளம்) "சூட்டி அல்லது பிரைடில்ட்" என்று பதியுங்கள். இனம் தெரியாத பதிவு என்று சிலர் இளக்காரமாகப் பார்க்கலாம். குளத்தில் கடல் ஆலா என்பதே பெரிய செய்தி; தவறான பெயரில் பதிந்தால் அந்தச் செய்தியும் சேர்ந்து தள்ளுபடியாகும். விவரக் குறிப்பில் பறவையைப் பார்த்தவுடன் நீங்கள் நோட்டில் எழுதியதை அப்படியே சேருங்கள், பிறகு புத்தகத்தைப் பார்த்துத் திருத்தியதைச் சேர்க்காதீர்கள். நேரம், குளத்தின் ஜி.பி.எஸ். புள்ளி, காற்றின் திசை மூன்றும் வேண்டும். திசைக்குக் கருவி தேவையில்லை. ஓடுகிற காற்றாலையின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று. அதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை இப்படி ஒன்று உட்கார்ந்தால், அழகான படத்துக்குக் காத்திருக்காமல் பக்கவாட்டு முகம், பிடரி, சோம்பல் முறிக்கும்போது சிறகின் அடிப்பக்கம், விரிந்த வால் என்று நான்கையும் கைபேசியிலாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தண்ணீர் விஷயம். கடல் பறவைதானே, தண்ணீரில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்ற நினைப்பு இயல்பானது, ஆனால் சூட்டி டெர்னுக்கு அதுவே எமன். வாத்துக்கும் நீர்க்கோழிக்கும் போல அதன் இறகு தண்ணீரைத் தடுப்பதில்லை; கொஞ்ச நேரம் மிதந்தாலே ஊறிவிடும். அது கடலில் நீந்தி இரை தேடுவதில்லை. சூரை மீன் கூட்டம் கீழிருந்து துரத்தும் சின்ன மீன்களைப் பறந்தபடியே மேலாகக் கொத்தி எடுக்கிறது. கூட்டைவிட்டுப் போன இளம் பறவை சில ஆண்டுகள் கரையே தொடாமல் பறந்து திரிகிறது. அப்படிப்பட்ட பறவை குளத்தங்கரையில் ஆள் வந்தும் எழாமல் உட்கார்ந்திருக்கிறது என்றால், உடம்பில் கொழுப்பு தீர்ந்துபோய்த் தசையும் கரையத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். காற்றாலை இறக்கையிலோ மின்கம்பியிலோ அடிபட்டிருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டு சிறகும் ஒரே உயரத்தில் மடங்கியிருக்கிறதா, ஒன்று தொங்குகிறதா என்று பிடிப்பதற்கு முன்பே தள்ளி நின்று பாருங்கள்.

பிடிப்பதென்றால் வெறுங்கை வேண்டாம், பறவைக் காய்ச்சல் பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. ஒரு துண்டைப் பின்னாலிருந்து போட்டு, சிறகு இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்கும்படி அள்ளுங்கள். முகத்துக்கு நேரே தூக்காதீர்கள். ஆலாவின் அலகு ஊசி, கண்ணைத்தான் குறிவைக்கும். நெஞ்செலும்பைத் துண்டோடு லேசாகத் தடவினால் கத்தி முதுகு போல் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று தெரியும். துருத்தினால் நிலைமை மோசம். சமையலறைத் தராசு இருந்தால் பெட்டியோடு நிறுத்துப் பெட்டியின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். நல்ல நிலையில் உள்ள சூட்டி 150 முதல் 240 கிராம் இருக்கும். அதைவிடக் குறைந்தால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய எண் அதுதான்.

பெட்டி என்றால் அட்டைப்பெட்டி. ஊரில் கோழிப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பார்கள், அல்லது பனையோலைப் பெட்டியில் போடுவார்கள். இரண்டிலும் நீண்ட சிறகு நுனி இடுக்கில் மாட்டி ஒடியும், ஒடிந்த பறப்பிறகு அடுத்த இறகுதிர்ப்பு வரை முளைக்காது. பெட்டிக்கடையில் கிடைக்கும் பிஸ்கட் அட்டைப்பெட்டி, நீளம் அரை மீட்டருக்குக் குறையாமல், அடியில் வழுக்காத துணி, பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு துளை, மேலே மூடி. உள்ளே இருட்டு, வெளியே அமைதி. நனைந்திருந்தால் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மின்விசிறிக் காற்று படக் கூடாது. நம் ஊர் வெயிலில் சூடேற்றத் தேவையில்லை, நிழல் போதும். நிறுத்திய காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். சோறு, பால், பிஸ்கட் எதுவும் வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பட்டினி கிடந்த உடம்பு முதலில் ஏற்கக்கூடியது கால்நடை மருத்துவர் குழாய் வழியே அளந்து கொடுக்கும் திரவம்தான், மீன் அதற்குப் பிறகு. வீட்டில் வைத்து வளர்த்துத் தேற்றிவிடலாம் என்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். உங்கள் இடத்திலிருந்து அருகே கூந்தன்குளம் சரணாலயத்தில் வனத்துறை ஆட்கள் இருப்பார்கள், அவர்களிடம் தெரிவியுங்கள். மருத்துவத்துக்கு இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அன்றைக்கே சேர்க்க வேண்டும், மறுநாள் என்பது இந்தப் பறவைக்குப் பெரும்பாலும் கிடையாது. உள்ளதைச் சொன்னால், எல்லாம் சரியாகச் செய்தாலும் இப்படி விழுந்தவற்றில் பல பிழைப்பதில்லை.

தேறினால் எங்கே விடுவது? இதிலும் காற்றுதான் முடிவு செய்ய வேண்டும். மேல்காற்று ஓயாத நாளில் முட்டம் பக்கம் கொண்டுபோய் விட்டால் மறுபடி நிலத்துக்கே தள்ளப்படும். உவரி, இடிந்தகரைக் கரையில் அதே காற்று முதுகில் இருந்து கடலுக்குள் கொண்டுசேர்க்கும் என்பதால் அந்தப் பக்கம் மேல் என்பது என் கருத்து. வந்த கடல் வேறாயிற்றே என்று கவலைப்பட வேண்டியதில்லை, இந்தப் பறவைகளுக்கு இரண்டும் ஒரே வெளி. இலங்கையின் மேற்குக் கரையோரம் ஆகஸ்ட், செப்டம்பரில் பிரைடில்ட் டெர்ன்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போவதுண்டு. வானத்தில் வீசி எறியும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காலையில், மணல் திறந்தவெளியில் பெட்டியைக் கவிழ்த்து வைத்துத் தள்ளி நில்லுங்கள். ஆலாவுக்குத் தரையிலிருந்து எழத் தெரியும். பத்து நிமிடத்தில் எழவில்லை என்றால் இன்னும் தேறவில்லை, திரும்பப் பெட்டிக்குள்.

நீங்கள் கரையில் விட்டுவந்த பறவையைத் தேடி யாராவது மறுநாள் போயிருந்து, அது செத்துக் கிடந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. பக்கத்தில் ஒரு அளவுகோலோ பத்து ரூபாய் நாணயமோ வைத்து முகம், பிடரி, விரித்த சிறகின் இருபுறம், வால் என்று படம் எடுங்கள். காலில் வளையம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்; இருந்தால் அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் விடாமல் எழுதி, மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். கணவாய் வழியா, முனையைச் சுற்றியா என்று மேலே விட்டுவைத்த கேள்விக்கு அதுகூட முழு விடை தராது, ஆனால் எந்தத் தீவில் வளையம் மாட்டிய பறவை என்பதாவது தெரியும். உடலை வீட்டுக்கு எடுத்துவராமல் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். இந்த மாதம் முடியும் வரை, காற்று இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அடித்து லேசாக ஓய்கிற காலை வேளைகளில், பணகுடியிலிருந்து நாங்குநேரி வரை தண்ணீர் மிச்சமுள்ள குளங்களின் கிழக்குக் கரைகளைப் பாருங்கள். காற்றோடு வந்தது தண்ணீரைக் கடந்ததும் முதலில் இறங்கக்கூடிய தரை அதுதான்.